நம் வீட்டு வெப்சைட்டும் சேகரின் கையும்

தணிகா,

உனக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது என்று வக்கீல் முந்தாநாள் காலையில் போன் செய்தார்; நீ வெளியே வர இன்னும் சில நாள் ஆகுமாம். உன் நைனா கட்டிலை விட்டு எழுந்து, ஊன்றுகோலைக்கூட மறந்து, வாசல் வரை நொண்டிக்கொண்டே போய் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. பயம்தான் முதலில் வந்தது. நீ இந்தத் தெருவில் கால் வைப்பதற்கு முன் உனக்குச் சில விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். சிறைக்கு மனு போட்டு உன்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் வலைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், சுற்றிலும் நம்மைப் போன்ற குடும்பங்களின் கூச்சல். சாப்பிட்டாயா, கொசு கடிக்கிறதா என்பதற்கு மேல் நம்மால் பேச முடிந்ததே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் யாராவது பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். ஊரே பார்க்க நடந்த காரியத்தில் ஒளிக்க என்ன இருக்கிறது?

நீ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டில் நடந்ததை உனக்குப் பாதிதான் சொன்னோம். மீதிப் பாதியை இப்போது சொல்கிறேன். நம் மாடியில் இருக்கும் மூன்று அறைகளுக்கும் நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்து ஜனங்கள் அவர்களாகவே வந்துகொண்டிருந்தார்கள். மொட்டை போட்டு, குளித்து, பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் படுக்கவைத்துவிட்டுப் போவார்கள். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் புரோக்கர்கள் முளைத்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களின் பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, தங்களுக்குப் பங்கு கொடுக்கிற வீட்டுக்கு மட்டும் கூட்டிப்போவார்கள். பங்கு தராத வீட்டுக்கு ஒருவரும் வந்து சேர முடியாது. அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்தவன் சேகர். அவன் நமக்கு அந்நியன் இல்லை. உன் நைனாவோடு ஒரே ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டியவன். அக்கா புருஷன் முறை வைத்து அவரைப் பாவா என்று கூப்பிடுவான். உன் காதுகுத்துக்கு அவனும் அவன் பெண்டாட்டி ஜெயந்தியும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆட்டோவை விற்றுவிட்டு இந்தத் தொழிலில் இறங்கிய பிறகு, கையை ஓங்காமல் பேசுவதே அவனுக்கு மறந்துபோனது.

ஒரு நாள் நகரியிலிருந்து ஒரு சின்ன வயசுக்காரர், மொட்டை போட்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்தார். போன வருஷம் நம் வீட்டில் தங்கியவர். வழி ஞாபகம் இருந்ததால் யாரையும் கேட்காமல் வந்துவிட்டார். நான் சாவியை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் சேகர் பின்னாலேயே வந்து நின்றான். "யார கேட்டு இங்க வந்த?" என்றான். அவர் தெலுங்கில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் ஓர் அறை. அவர் தடுமாறியதில் குழந்தை தோளிலிருந்து நழுவி நம் வாசற்படியில் விழுந்தது. சந்தனம் பூசிய அந்தச் சின்னத் தலையில் மஞ்சளுக்கு நடுவே சிவப்பு கசிந்து வந்தது. குழந்தை முதலில் அழவே இல்லை. வாயைத் திறந்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த மனுஷர் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, சேகரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நானும் இதில் கூட்டு என்று நினைத்துவிட்டார். என் கையில் சாவி இருந்தது, பார். அந்தப் பார்வையோடுதான் அன்றைக்கு உனக்குப் போன் செய்தேன்.

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அழுவாதம்மா. அவன் பஸ் ஸ்டாண்டுல நின்னா நின்னுகினு போறான். நாம வெப்சைட் போட்டுக்கலாம். ஜனங்க வூட்லர்ந்தே நம்ம வூட்ட பாத்துட்டு வரட்டும்." உன் பழைய லேப்டாப் பீரோவுக்கு மேலே கிடந்தது. பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான். வெப்சைட் என்றால் ஆயிரம் எழுத்தும் குறியும் அடிக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நீ போனில் சொல்லச் சொல்ல ஒரு பக்கத்தைத் திறந்தேன். இடது ஓரத்தில் வரிசையாகக் கட்டங்கள். எழுத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, பட்டனுக்கு ஒன்று, மேப்புக்கு ஒன்று. வேண்டியதை மவுஸால் பிடித்து நடுவிலே இருக்கும் பக்கத்துக்கு இழுத்து வந்தால், எங்கே உட்காரும் என்று ஒரு நீலக் கோடு காட்டுகிறது. விட்டால் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. "மவுஸ வுடாம இழுத்துகினு வாம்மா, நடுவுல வுட்டுட்டா ஓடிப்பூடும்" என்று நீ கத்துவாய்.  அறைப் படத்தை இழுத்தால் அது தலைப்புக்கு மேல் ஏறிக்கொள்ளும். தலைப்பைக் கீழே தள்ளினால் போன் நம்பர் காணாமல் போகும்.

ஆரம்பத்துக்கு நாம் எடுத்த டெம்ப்ளேட், ஏதோ வெளிநாட்டுக் கேக் கடைக்குச் செய்தது. கேக் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு நம் கட்டிலையும், மொட்டை மாடியையும், குழாயையும் வைத்தேன். பின்னணிக்கு நல்ல மஞ்சள், எழுத்துக்குச் சிவப்பு. "கண்ணு கூசுதும்மா" என்றாய். முருகன் ஊருக்கு வேறு என்ன நிறம் வைப்பது என்று நானும் விட்டுக்கொடுக்கவில்லை. தெலுங்கு எனக்குப் பேச வரும், எழுத வராது. வாயால் சொன்னால் எழுதிக்கொள்ளும் வசதியைக் காட்டிக்கொடுத்தாய். லேப்டாப்பில் அழகாக இருந்த பக்கத்தைப் போனில் திறந்தால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. போனில் எப்படித் தெரியும் என்று பார்க்கத் தனியாக ஒரு பட்டன் இருக்கிறது என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எல்லாம் சரிசெய்து பப்ளிஷ் பட்டனை அழுத்திவிட்டு, அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் போன் செய்த சித்தூர்க்காரர், ரூம் உண்டா என்று கேட்டுவிட்டு, கேக்கும் கிடைக்குமா என்றார். பக்கத்தின் அடியில் கேக் கடையின் வரி ஒன்றை அழிக்காமல் விட்டிருந்தேன். நீயும் நானும் சேர்ந்து கடைசியாக வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு, மேப் சொல்கிற வழியில், புரோக்கர்களை ஏறிட்டும் பார்க்காமல் நேராக நம் வாசலுக்கு வந்தார்கள். பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக்கும் செய்துகொடுக்கச் சொன்னார்கள். செய்துகொடுத்தேன். சேகர் ஒரு நாள் வாசலில் நின்று, "அக்கா, கம்ப்யூட்டர் வேலல்லாம் வாணாம். எங்க வயித்துல அடிக்காத" என்றான். அவன் அப்போது கையை ஓங்கவில்லை. கெஞ்சலும் மிரட்டலும் கலந்த குரல். நான், "அன்னைக்கு அந்தக் கொழந்த மண்டைய ஒடச்சியே, அதுக்கு எவன் வயித்துல அடிச்சான்?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன். இதை உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் லீவு போட்டுவிட்டு வந்து சண்டைக்கு நிற்பாய் என்று தெரியும்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், பரணியன்று மத்தியானம். உன் நைனா சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். சேகரும் இன்னும் இரண்டு பேரும் செருப்போடு உள்ளே வந்தார்கள். சேகர் கையில் ஆட்டோ ஜாக்கி ராடு.

"இன்னா பாவா, பஸ் ஸ்டாண்டையே உன் வூட்டுக்குள்ள கொண்டாந்துட்டியாமே."

"சாப்ட்டுகினு கீறேன் சேகரு. கை கழுவிட்டு வரேன், பேசலாம்."

"நீ சாப்புடு பாவா. எங்க வூட்ல தான் அடுப்பு எரியல."

சொல்லிக்கொண்டே தட்டை உதைத்தான். உன் நைனா எழுந்திருக்க ஒரு காலை ஊன்றினார். அந்தக் காலில்தான் ராடு இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. அவர் போட்ட சத்தம்தான் தெருவுக்கே கேட்டது. நான் குறுக்கே விழுந்தேன். கூட வந்தவன் என் வாயில் அறைந்தான். உதடு பல்லில் மாட்டிக் கிழிந்து, வாயெல்லாம் உப்பாகிவிட்டது. சேகர் லேப்டாப்பைப் பார்த்தான். "இதுல தானே கீது அது?" என்று தூக்கிச் சுவரில் அடித்தான். ஒரு அடியில் மூடி கழன்றது. இன்னொரு அடியில் எழுத்துப் பட்டன்கள் எல்லாம் தெறித்துத் தரையில் கிடந்த ரசச் சோற்றோடு கலந்தன. ராடை எடுத்து அதன்மேல் குத்திக் குத்தி, மூச்சிரைக்க என்னைக் கேட்டான்: "போச்சா? இப்ப போச்சா?" அவன் உண்மையாகவே அப்படித்தான் நம்பினான், தணிகா. அதை உடைத்துவிட்டால் நம் வீடு உலகத்திலிருந்து மறைந்துவிடும் என்று நினைத்தான்.

அப்போது என் கையிலிருந்த போன் அடித்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். ஏன் எடுத்தேன் என்று தெரியாது, எடுத்துவிட்டேன். ஒரு பெண் குரல், பின்னாலே பம்பைச் சத்தம். "அம்மா, மேமு பஸ் ஸ்டாண்ட் தக்கர உன்னாமு. எடம வைப்பு திரகாலா?" பஸ் ஸ்டாண்டில் இருக்கிறோம், இடது பக்கம் திரும்ப வேண்டுமா என்று கேட்கிறாள். நான் ரத்தத்தை விழுங்கிக்கொண்டு, "ஆங், ரண்டி. துவரகா ரண்டி" என்றேன். சீக்கிரம் வாருங்கள் என்று. சேகருக்கும் தெலுங்கு தெரியும். ராடு என் மணிக்கட்டில் விழுந்தது. போன் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தும் அந்தப் பெண் பேசிக்கொண்டே இருந்தாள். மஞ்சள் துணியும் காவடியும் மொட்டைத் தலையுமாக ஒரு பெரிய கூட்டம் வாசலை அடைத்து நின்றபோதுதான் இவர்கள் பின்பக்கச் சுவரேறிக் குதித்து ஓடினார்கள். ஒரு வார்த்தை கேட்காமல், காவடியைத் திண்ணையில் சாய்த்துவிட்டு, உன் நைனாவைப் போர்வையோடு தூக்கித் தங்கள் வேனில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் அவர்கள்தான். அந்தப் பெண் வழி முழுக்கத் தன் முந்தானையை என் வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். பெயர்கூடக் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை நான்.

மறுநாள் நீ வந்தாய். இதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரியாது. உன் கண்ணில் அன்றைக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆஸ்பத்திரியில் உன் நைனா காலைப் பார்த்தாய், என் கைக்கட்டைப் பார்த்தாய், வீட்டுச் சாவியைக் கேட்டாய். அவ்வளவுதான். தேங்காய் உரிக்க வைத்திருந்த கத்திக்காகத்தான் போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னாலேயே வந்து வீட்டு வாசலில் உன்னைப் பிடித்தேன். "வாணாண்டா தணிகா, போலீசு பாத்துக்கும்டா" என்றேன். நீ என்னைத் தள்ளினாய். உடைந்த கையின்மேல் விழுந்தேன். எழுந்து உன் பின்னாலே ஓடிவந்தேன். கிருத்திகைக் கூட்டம், தெருவெல்லாம் காவடி, பம்பை, அரோகரா. நீ அவர்களுக்கு நடுவே புகுந்து போய்க்கொண்டே இருந்தாய். கத்தியைச் சட்டைக்குள் வைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் சேகர் யாரோ ஒரு யாத்திரைக்காரரின் பையைக் கையில் பிடித்திருந்தான். உன்னைப் பார்த்துப் பையை விட்டுவிட்டு வலது கையைத் தூக்கினான். அடிக்க இல்லை, தடுக்க. கத்தி அந்தக் கையில்தான் விழுந்தது. விரல்கள் போய்விட்டன என்பது அவனுக்கே உடனே தெரியவில்லை. மறுபடியும் அதே கையைத்தான் முகத்துக்கு முன்னால் பிடித்தான். அடுத்தது தோளில். ரத்தம் பக்கத்தில் நின்ற பூக்காரியின் கூடைமேல் அடித்தது. நான் உன்னைத் தடுக்கத்தான் ஓடிவந்தேன். ஆனால் அவன் மண்டியிட்டு விழுந்தபோது என் வாய் "போடு" என்றது. சத்தமாக இல்லை, ஆனால் சொன்னது. அந்த ஒரு நிமிஷம் எனக்குக் குளிர்ந்த தண்ணீர் குடித்தது போல் இருந்தது. இதை நான் வக்கீலிடம் சொல்லவில்லை, உன் நைனாவிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தம் இல்லை.

போலீஸ் உன்னைப் பிடித்து இழுத்துப் போன பிறகு ஜெயந்தி ஓடிவந்தாள். யார் சொல்லி வந்தாளோ, காலில் செருப்பில்லை. தரையில் உட்கார்ந்து புருஷனின் விரல்களைத் தேடிப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். எதிரே நின்ற என்னைப் பார்த்து, "அக்கா, ஐஸ் வேணுங்க்கா, யார்னா ஐஸ் குடுங்கக்கா" என்று கத்தினாள். யாரிடம் கேட்கிறோம் என்றுகூட அவளுக்கு உறைக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஜூஸ் கடை. நான் அசையவே இல்லை, தணிகா. வேறு யாரோ கொண்டுவந்தார்கள். விரல்களை ஒட்டவைக்க முடியவில்லை.

அப்புறம் ஒரு நாள் காய்கறி மார்க்கெட்டில் அவள் என்னைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு நேராக வந்து என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். நானும் விடவில்லை. கட்டுப் பிரித்து வாரம்கூட ஆகாத கையால் அவள் முகத்தைப் பிறாண்டினேன். இரண்டு பேரும் தக்காளிமேல் விழுந்து புரண்டோம். "என் புருசன் கையால சோறு துன்ன முடியல, தெரியுமாடி?" என்று அவள் என் மார்பில் குத்தினாள். "என் புருசன் கக்கூசுக்குத் தவழ்ந்து போறாருடி" என்று நான் அவள் தலையைத் தரையில் மோதினேன். ஜனங்கள் பிரித்துவிட்டபோது இரண்டு பேர் வாயிலும் ஒரே மாதிரி ரத்தம். வீட்டுக்கு வந்து குளிக்கும்போது என் நகத்துக்குள் அவள் தோல் இருந்தது.

வெப்சைட்டை அழித்துவிடலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். யார் யாரோ போன் செய்து அசிங்கமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பிரவுசிங் சென்டருக்குப் போய்த் திறந்தேன். நம் லேப்டாப் துண்டு துண்டாகப் போயும், நான் செய்த பக்கம் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அழிக்கும் பட்டன்மேல் மவுஸை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் நைனாவுக்கு ஆட்டோ ஓட்ட முடியாது, உன் வழக்கு நடக்க வேண்டும், அறைகளை விட்டால் நமக்கு வேறு என்ன இருக்கிறது? அழிக்காமல் எழுந்து வந்தேன். உன்னோடு வேலை செய்த பிள்ளை ஒருவன் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தான். மறுபடியும் ஜனங்கள் வந்தார்கள். சேகர் மேலேயும் வழக்கு இருக்கிறது, அது ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கிறது.

இனி சொல்லப்போவதுதான் உனக்குப் பிடிக்காது. ஒரு நாள் காலையில் ஜெயந்தி நம் வாசலில் வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வந்தாள் என்று நினைத்து விளக்குமாற்றைக் கையில் எடுத்தேன். அவள் கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது.

"உன் புள்ள ஒரு கைய எடுத்துட்டான். அது இன்னொரு கையால என்னத்தான் அடிக்குது" என்றாள். "பஸ் ஸ்டாண்டுல வேற ஆளு வந்துட்டான். எங்கள அந்தப் பக்கமே வுடறதில்ல."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

"எங்க வூட்டுக்குப் பின்னாடி ரூம்பு காலியா கீது. அத நீ அதுல போடு."

"எதுல?"

"உன் போன்ல. எங்கள வாழ வுடாத பண்ணிச்சே, அதுலதான்."

கதவை அவள் முகத்தில் அடித்துச் சாத்தினேன். அவள் வெளியிலிருந்து ஓங்கி உதைத்துவிட்டுப் போனாள். உள்ளே உன் நைனா, "அவள உள்ள சேத்தின்னா நான் வெளிய போயிடுவேன்" என்றார். நான் ஏன் சேர்க்கப்போகிறேன் என்றேன். அடுத்த கிருத்திகைக்கு நம் அறைகள் நிரம்பிவிட்டன. புத்தூரிலிருந்து ஒரு பெண் போன் செய்து, கைக்குழந்தையோடு வருகிறோம், உங்களிடம் இல்லாவிட்டால் வேறு வீடு சொல்லுங்கள் என்றாள். இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு, பஸ் ஸ்டாண்டில் அந்தக் குழந்தையோடு அவள் எவன் கையில் மாட்டுவாளோ என்று நினைத்தேன். ஜெயந்தி வீட்டுப் பின்கட்டு காலியாக இருப்பது ஞாபகத்துக்கு வந்தது. அந்த நினைப்பை விரட்டிப் பார்த்தேன், போகவில்லை. போனை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

சேகர் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது கையைத் துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் இடது கையால் சொம்பை எடுத்து வீசினான். அவனுக்கு இன்னும் இடது கை பழகவில்லை. சொம்பு கதவு நிலையில் பட்டு உருண்டது. எழுந்து வந்தான். ஜெயந்தி நடுவில் வந்து நின்று, "எறி! இன்னும் எறி! இருக்கறது இந்தச் சொம்பு ஒண்ணுதான், அதையும் நசுக்கிடு!" என்று அலறினாள். அவளை அறைந்தான். நான் முன்னால் போய், நம் வீட்டு விளக்குமாற்றைப் பிடிப்பது போல அவன் சட்டையைப் பிடித்து, "என் எதிர்ல அவ மேல கை வச்ச, மீதி விரலையும் நானே எடுத்துடுவேன்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று தெரியவில்லை. அவன் என் முகத்தை முறைத்துப் பார்த்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தான். நான் பின்கட்டுக்குப் போய், வெளிச்சம் போதாது, ஜன்னலைத் திற என்று ஜெயந்தியிடம் சொல்லிவிட்டுப் படம் எடுத்தேன். முதல் படங்கள் எல்லாம் கலங்கலாக விழுந்தன; தெளிவாக வந்த ஒன்றைப் புத்தூர்ப் பெண்ணுக்கு அனுப்பினேன்.

பக்கத்தை நான் செய்து கொடுத்திருக்கலாம். அவள் கேட்கவில்லை. "நீ காட்டு, நான் பண்றேன். நாளைக்கு உன்கிட்ட வந்து நிக்கணுமா?" என்றாள். நம் கூடத்தில் உட்கார்ந்தோம். உன் நைனா சொன்னபடியே வெளியே போய், ஓட்டாத ஆட்டோவுக்குள் உட்கார்ந்துகொண்டார். அவளுக்கு மவுஸ் பிடிக்க வரவில்லை. படத்தை இழுத்துப் பாதி வழியில் விட்டுவிட்டு, எங்கே போச்சு, எங்கே போச்சு என்று என்னைக் கோபித்துக்கொண்டாள். மேலே புருஷன் பெயரை அடித்தாள், அழித்தாள், தன் பெயரை அடித்தாள். போன் நம்பரும் தன்னுடையதுதான் என்றாள். வெந்நீர் உண்டு என்று தெலுங்கில் போட வேண்டும். அவள் மைக்கைப் பார்த்து "சுடு நீளு, சுடு நீளு" என்று கத்த, அது ஏதேதோ எழுதியது. திடீரென்று ஆட்டோவிலிருந்து உன் நைனா குரல் வந்தது: "அய்ய, வேடி நீள்ளுன்னு சொல்ல சொல்லு!"  ஆனால் உள்ளே வரவில்லை. ஜெயந்தி அவர் சொன்னபடியே சொன்னாள். அது சரியாக எழுதிக்கொண்டது.

இப்போது அவள் வீட்டுக்கும் ஜனங்கள் வருகிறார்கள். அவளும் நானும் சிநேகிதிகள் ஆகிவிட்டோம் என்று நினைக்காதே. வாசலில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். சேகர் திருந்திவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக அடிக்கிறான், வீட்டில் எப்போதும் வெளியாட்கள் தங்கியிருப்பதால். உனக்கு ஜாமீன் என்ற செய்தி அவனுக்கும் போய்விட்டது. "வரட்டும் அவன். இடது கைய வச்சினு எவ்ளோ முடியும்னு பாக்கறேன்" என்று டீக்கடையில் சொன்னானாம். நீயும் அங்கே கிடந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருப்பாய். போன தடவை பார்த்தபோது நீ, "அவன் இன்னும் அங்கதான் சுத்திகினு கீறானா?" என்று கேட்டாய். கேட்டபோது உன் தாடை இறுகியதை நான் பார்த்தேன்.

கோபப்படாதே என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? எனக்கே ஆறவில்லை. உன் நைனா நொண்டும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த ராடு தெரிகிறது. ஆனால் போடு என்று சொன்ன வாய் என்னுடையது. அதைச் சொன்னபோது குளிர்ந்த நெஞ்சு, ஜெயந்தி விரல்களைப் பொறுக்கியதைப் பார்த்த பிறகு ஒரு நாளும் குளிரவில்லை. நம் வீட்டுக்கு அந்தக் கூட்டம் வந்ததால்தான் உன் நைனா உயிரோடு இருக்கிறார். நீ கத்தியோடு போனதால் அவர் காலில் ஓர் எலும்பும் கூடவில்லை. இதை மட்டும் நீயாக உட்கார்ந்து யோசி.

வக்கீல் சொன்னதில் ஒன்று பாக்கி இருக்கிறது. தினமும் காலையில் நீ ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஜாமீன் நிபந்தனை. அதற்குச் சேகர் வீட்டுத் தெருவையும் பஸ் ஸ்டாண்டையும் தாண்டித்தான் போக வேண்டும். இதைக் கேட்ட அன்று நான் வாசலில் இடிந்து உட்கார்ந்திருந்தேன். ஜெயந்தி அந்தப் பக்கமாகத் தண்ணீர் குடத்தோடு போனவள் நின்றாள். என்ன என்று கேட்டாள். சொன்னேன். குடத்தை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நானும் கூட வரேன்" என்றாள். "ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நானு. எங்க ஆளு என்மேல கைய வச்சிட்டுதான் உன் புள்ள மேல வைக்கணும். உன் புள்ளைக்கும் அதேதான். என்னத் தாண்டித்தான் எங்க ஆளுகிட்ட போவணும்."

"உனக்கு எதுக்கு இந்தத் தலையெழுத்து?" என்றேன்.

"இன்னொரு தபா கீழ குந்திகினு பொறுக்க என்னால ஆவாதுக்கா" என்றாள்.

அதனால் நீ வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் வாசலில் அவள் நிற்பாள். நீ அவளோடு பேச வேண்டாம். உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் முடியாது. மன்னிப்புக் கேள் என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் வேகமாக நடக்க வராது. எங்களைத் தாண்டி முன்னால் போகாதே, தணிகா. நாங்கள் நடக்கிற வேகத்துக்கு நட.

உன் அம்மா